கலைஞனின் நோயும் கடன்பட்டோரும்

வறுமையும் நோயும் கலைஞனோடு உடன்பிறந்தவை என்றொரு கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இரங்கற் கூட்டங்களிலே இக்கருத்தைக் கேளாமல் நாம் வீடு திரும்புவதில்லை. மறைந்த கலைஞர் இருமினார், பட்டினி கிடந்தார், மருந்துக்குக் காசின்றி ஊர் ஊராக அலைந்தார், எனினும் கலையைக் கைவிட்டாரில்லை என்று பேச்சாளர் உருகுவார், கேட்போரும் உருகுவர். அந்த உருக்கத்திலே ஒரு கேள்வி கரைந்து போகிறது. அவர் இருமியபோது நாம் எங்கே இருந்தோம் என்பதே அக்கேள்வி.

நோய் கலையை வளர்க்கிறதா என்பது மேலோட்டமாக நோக்குவோர்க்கு அழகியல் பற்றிய ஆராய்ச்சியாகத் தோன்றலாம். உண்மையில் அஃது அறம் பற்றிய ஆராய்ச்சியாகும். வளர்க்கிறது என்று விடை கூறிவிட்டோமாயின், நோயுற்ற கலைஞனுக்கு நாம் செய்யவேண்டியது யாதொன்றும் இல்லை. அவனைக் குணப்படுத்துவதுகூடக் கலைக்குச் செய்யும் கேடாகிவிடும்! 'தியாகம்' என்ற சொல் இவ்விடத்திலேதான் நமக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. கொடுக்கவேண்டியதைக் கொடாதவன், அதனை வாங்கவேண்டியவனைத் தியாகி என்று போற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

இக்கேள்வியை அந்தரத்திலே நிறுத்தி ஆராய்வதிற் பயனில்லை. கலை எங்கே, எத்தகைய மனிதரால், நாளின் எந்த நேரத்திலே ஆக்கப்படுகிறது என்று பார்த்தாலன்றி உண்மை புலப்படாது. ஆதலின் பள்ளிமுனையிலிருந்து தொடங்குவோம்.

மன்னார் நகரை ஒட்டிய கடலோர ஊர் பள்ளிமுனை. கடற்றொழில் செய்து வாழும் கத்தோலிக்க மக்களின் ஊர் அது. வெளியூரார் இவ்வூரை அறிவது பெரும்பாலும் அங்கே நிற்கும் பெருக்கமரத்தினால். ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுள்ள அம்மரம், அராபிய வணிகர் கொண்டுவந்த விதையின் வழிவந்தது என்பர். வருவோர் மரத்தைச் சுற்றி நடந்து, வியந்து, படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஊரவர்க்கோ புனித லூசியாள் ஆலயமே நடுநாயகம். லூசியாள் கண்ணோய்க்குக் காவலான புனிதை. உப்புக் காற்றிலும் நீர்ப்பரப்பின் வெயிற் கூச்சத்திலும் கண்ணைப் பறிகொடுக்கும் மக்கள் இப்புனிதையைத் தம் காவலாகக் கொண்டிருப்பதிலே ஒரு நியாயம் இருக்கிறது. மக்களின் நம்பிக்கைகளை ஏளனம் செய்வது முற்போக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். எந்த நோய்க்கு எந்த மக்கள் எவரிடம் முறையிட்டனர் என்று கேட்டுப் பார்த்தால், அம்மக்களின் உழைப்பு வரலாறே விடையாக வரும்.

இனிக் கூத்தை நோக்குவோம். மன்னார்த் தீவிலும் மாதோட்டப் பெருநிலத்திலும் உள்ள கத்தோலிக்க ஊர்களிலே வடபாங்கு, தென்பாங்கு என இரு பாங்குகளிற் கூத்து வளர்ந்தது. வாசாப்பு என்னும் வடிவமும் வழங்கியது. விடிய விடிய ஆடுவர். சில கூத்துகள் இரண்டு இரவுகள் நீளும். 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' என்ற பெயரைக் கேட்டதும் நம் மாணவர் சிரிக்கக்கூடும். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களிலே ஒரு பேரரசனின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964-இற் பதிப்பித்தார். 'மூவிராசாக்கள் நாடகம்' 1966-இலும் 'ஞானசவுந்தரி நாடகம்' 1967-இலும் அவர் முயற்சியால் அச்சேறின. அதுவரை இவை எங்கே இருந்தன? ஏட்டிலும் கையெழுத்துக் கொப்பிகளிலும், அவற்றைவிட மேலாக மனிதரின் தொண்டையிலும் இருந்தன.

இரவிலே எம்பரதோராக முடி தரித்துக் கொலுவிருந்தவன் பொழுது விடிந்ததும் சம்மாட்டியின் வலையை இழுக்கப் போகிறான். முகத்து அரிதாரம் முற்றாகக் கழுவப்பட்டதோ இல்லையோ, வள்ளம் காத்திராது. அண்ணாவியாரும் இதற்கு விலக்கல்லர். அவருக்கு ஊர் மதிப்புண்டு, வெற்றிலை தட்டிலே வைத்து அழைப்பதுண்டு. ஆயினும் அந்த மதிப்பை உலையில் இட முடியாது. தொழில் குறைந்த நாட்களின் இரவுகளிலே அவர் இளைஞர்களைக் கூட்டித் தாளம் பழக்குகிறார். பட்டணத்து எழுத்தாளன் தன் அன்றாட வாழ்வு தன் கலைக்குப் பகை என்று முறையிடுவான். அரிசி வாங்கவேண்டியிருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், உறவினர் வீட்டில் இழவு, எங்கே எழுதுவது என்பான். அவன் முறையீட்டிலே உண்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிமுனையிலும் அதனையொத்த ஊர்களிலும் அன்றாட வாழ்வு கலையின் வாசலிலே குறுக்கே நிற்பதில்லை. அது கலையின் உள்ளேயே குடியிருக்கிறது. வலை இழுப்பவனின் மூச்சே பாட்டின் மூச்சு. நோயும் பயணமும் இறந்தோர் நினைவும் அங்கே கலைஞனின் தனிச்சொத்துகள் அல்ல.

முதலில் நோயை எடுத்துக்கொள்வோம். கொள்ளைநோய் பரவிய காலங்களிலே, நோய் நீங்கினாற் கூத்து ஆடுவோம் என்று நேர்ந்துகொள்வது கடலோரக் கத்தோலிக்க ஊர்களிடையே வழங்கிய முறை. கொள்ளைநோய்க்குக் காவலராகக் கருதப்பட்ட செபஸ்தியாரின் கதை கூத்தாகி நிலைத்ததற்கு இவ்வழக்கமும் காரணம் எனலாம். இந்த நேர்த்திக்கடனின் பொருளைச் சற்று ஊன்றி நோக்கவேண்டும். ஊருக்கு நோய் வந்தது, ஊர் பிழைத்தது, பிழைத்ததற்கு ஊர் கடன்பட்டது, அக்கடனைக் கூத்தாடித் தீர்த்தது. இங்கே தனியொருவனின் இருமலுக்குப் புகழாரம் இல்லை. நோய் பொதுவானது, ஆகவே கலையும் பொதுவானது.

நினைவும் இப்படிப்பட்டதே. பூட்டன் தரித்த வேடத்தைப் பேரன் தரிக்கிறான். இன்ன குடும்பத்தார் இன்ன வேடம் என்பது எழுதாத சட்டம். தகப்பன் இறந்தபின் அவன் பாடிய விருத்தத்தை மகன் எடுக்கும்போது சபையிலிருக்கும் கிழவிகள் அழுகின்றனர். அரசன் படும் துன்பத்துக்காக அவர்கள் அழுவதாகப் புதியவர் எண்ணக்கூடும். அவர்களோ முன்பு அவ்வரசனாக நின்ற மனிதனுக்காக அழுகின்றனர். குடும்ப நினைவு என்றால் அலமாரியில் வைத்த புகைப்படம் என்று நினைக்கும் நடுத்தர வகுப்பினர்க்கு இது விளங்குவது கடினம். இம்மக்களுக்கு நினைவு உற்பத்திக் கருவி. வலையைப் போல, வள்ளத்தைப் போல. அது கிழிந்தாற் பொத்தவேண்டும், இல்லையேல் தொழில் நின்றுவிடும்.

அந்தக் கருவியைப் பேணியவர் யார் என்றும் கேட்கவேண்டும். மேடையில் ஏறியவர் ஆண்கள்; அரசிக்கும் ஆணே வேடமிட்டான். ஆயின் ஏட்டைப் பெட்டகத்தின் அடியில் வைத்துக் கறையானிலிருந்து காத்தவர்கள், ஒத்திகைக் காலத்தில் இரவு வீடு திரும்பாதவனுக்காகச் சோற்றை மூடிவைத்தவர்கள், அவன் படுத்த படுக்கையானபோது கஞ்சி காய்ச்சியவர்கள் பெண்கள். கூத்து ஏடுகளிலே எழுதினவன் பெயர் உண்டு, பழக்கின அண்ணாவியார் பெயர் உண்டு. இவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இவ்வளவும் கூறியதால் நாம் சிற்றூர் வாழ்க்கையைப் பொற்காலமாக்கிக் காட்டுகிறோம் என்று வாசகர் எண்ணவேண்டாம். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று மீன் பிரிக்கப்படுகிற கரையிலே, கடலுக்குப் போனவனுக்கே பங்கு. வள்ளம் ஒருநாளும் நோயுறுவதில்லை. வலைக்கு இருமல் இல்லை. ஆகவே அவற்றின் பங்கு தவறுவதில்லை. மனிதனுக்கு மட்டுமே காய்ச்சல் வருகிறது, அவன் பங்கு மட்டுமே நின்றுபோகிறது. கூத்து மேடையில் ஒருவன் தொண்டை கட்டினால் பிற்பாட்டுக்காரர் அவன் அடியைத் தாங்கிப் பாடுவர். கரையிலே அவன் உலையை அவ்வாறு தாங்குவதற்கு நியதி எதுவும் இல்லை. மேடையில் இருந்த அறம் கரைக்கு இறங்கி வராமைக்குக் காரணம் மனிதரின் கல்நெஞ்சம் அன்று. வள்ளமும் வலையும் யாருடையவை என்பதே காரணம்.

நோய் முற்றினால் பயணம் தொடங்குகிறது. முன்னாளில் அப்பயணம் மடுவை நோக்கியது. மடு மாதாவின் ஆலயத்து மண் பாம்புக் கடிக்கும் பிணிகளுக்கும் மருந்தென்று எடுத்துச் செல்லப்பட்டது. பின்னர்ப் பெரிய வைத்தியசாலைகளை நோக்கியது. மன்னாரில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் கடிய நோயாளர் யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படுகின்றனர். புற்றுநோய் என்றால் மகரகமை என்ற பெயரைக் கேட்டதுமே வீட்டில் அழுகுரல் எழும். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. துணைக்கு ஒருவர் போகவேண்டும். போனவரின் பங்கும் அன்று நின்றுபோகும். 1990-இலே போர் மூண்டபோது தலைமன்னார்ப் புகையிரதப் பாதை அழிந்தது. 2015-இலேதான் தலைமன்னாருக்கு மீண்டும் வண்டி ஓடியது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அக்கரையோரத்து நோயாளி எவ்வாறு பயணம் செய்தான் என்பதை நம் கலை வரலாறுகள் எழுதுவதில்லை. தடைமுகாமிலே அனுமதிச் சீட்டுக்கு நின்ற வரிசையிலே மத்தளக்காரனும் நின்றான். அவனுடைய மத்தளத்தைப் பற்றி அங்கே எவரும் கேட்கவில்லை.

இன்னொரு பயணமும் உண்டு. அது கடல் வழியானது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். 1914 முதல் நீராவிக் கப்பல் அவ்வழியிலே பயணிகளை ஏற்றிச் சென்றது. 1964 டிசெம்பர் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பின்பு இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980-களின் நடுப்பகுதியிலே போரினால் நின்றது. அக்கரையிலே மண்டபம் என்றோர் இடம் உண்டு. மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழகத்து ஏழைகளை, வாந்திபேதியும் அம்மையும் இத்தீவுக்கு வராதிருக்கும் பொருட்டு, இலங்கை அரசு தடுத்து வைத்துச் சோதித்த முகாம் அங்கேயே இருந்தது. பின்னாளில் இங்கிருந்து வள்ளங்களில் தப்பியோடிய அகதிகளை ஏற்றுப் பதிவு செய்த முகாமும் மண்டபத்திலேயே அமைந்தது. உழைக்கப் போகும்போதும் மண்டபம், உயிர்பிழைக்க ஓடும்போதும் மண்டபம். ஏழையின் உடம்பை அரசுகள் முதலிற் பார்ப்பது நோயின் இருப்பிடமாகத்தான். அவ்வுடம்புக்குள்ளே ஒரு பாட்டு இருக்கக்கூடும் என்பது அவற்றின் பதிவேட்டிலே இல்லாத செய்தி. போர் 2009-இல் முடிந்த பின்னரும் பள்ளிமுனை மக்கள் சிலரின் வீட்டு நிலங்கள் கடற்படையின் கையில் இருந்தன. அவர்கள் வழக்காட வேண்டியதாயிற்று. பூட்டன் ஒத்திகை பார்த்த முற்றம் முள்ளுக்கம்பிக்குப் பின்னே போய்விட்டால், நினைவு என்னும் கருவியை எங்கே வைத்துப் பொத்துவது?

இக்கடலைக் கடந்து சென்று மறுகரையிலே உயிர்நீத்த கலைஞர் ஒருவரை இங்கே நாம் நினைக்கவேண்டும். அவர் மன்னாரைச் சேர்ந்தவரல்லர், யாழ்ப்பாணத்தவர். கே. டானியல். ஒடுக்கப்பட்ட சாதியொன்றிலே பிறந்து, இளமையிலேயே உழைக்கச் சென்று, யாழ்ப்பாண நகரிலே பட்டறை நடத்திப் பிழைத்தவர். 1967-இலே தோன்றிய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்; தேநீர்க்கடைகளிலும் கோவில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களை அருகிருந்து கண்டவர், கண்டது மட்டுமன்றி நடத்தியவர். 'பஞ்சமர்' 1972-இலும் 'அடிமைகள்' 1984-இலும் 'கானல்' 1986-இலும் நூலாயின. அந்த 1986-ஆம் ஆண்டிலே, நோயுற்ற நிலையிலே சிகிச்சைக்காகத் தமிழகம் சென்ற அவர், மார்ச் 23-ஆம் நாள் தஞ்சாவூரிலே காலமானார். அறுபது வயது நிறையவில்லை. பிறந்த மண்ணிலே போர் நடந்துகொண்டிருந்தது. அவருடைய உடல் தஞ்சை மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

டானியலின் நாவல்களிற் பெரும்பகுதி அவருடைய கடைசி ஆண்டுகளிலே வெளிவந்தவை. உடனே நம் இரங்கற் பேச்சாளர், 'பார்த்தீர்களா, நோய் அவருடைய எழுத்தைக் கூர்மைப்படுத்திற்று' என்பார். இதனை நாம் முற்றாக மறுக்கிறோம். அந்நாவல்களை எழுதியது நோயன்று. பட்டறையிலே கழிந்த பகல்களும், இயக்கத்திலே கழிந்த இரவுகளும், மூத்தோர் வாயிலாகக் கேட்டுச் சேர்த்த கதைகளும் அவற்றை எழுதின. நோய் செய்தது ஒன்றே ஒன்று: நேரத்தைப் பறித்தது. எழுதியவற்றைக் காட்டி நோயின் பெருமை பேசுவோர், எழுதாமற் போனவற்றை எந்தக் கணக்கிற் சேர்ப்பர்?

டானியலின் கலையிலே குடும்ப நினைவு பெறும் இடம் தனித்து நோக்கத்தக்கது. நிலவுடைமையாளரின் வீட்டிலே உறுதிகள் உண்டு, சாதகக் கட்டுகள் உண்டு, வம்சாவளி உண்டு. தாத்தாவின் தாத்தா எந்தக் காணியை எவருக்கு எழுதினார் என்பதைத் தாளைப் பார்த்துக் கூறிவிடலாம். அடிமைகளாக நடத்தப்பட்டோரின் வீட்டிலே தாள் இல்லை. அவர்களுடைய பெயர்கள் வேறொருவரின் உறுதியிலே, நிலத்தோடும் பனைகளோடும் சேர்ந்து வருவனவே. ஆகையால் ஒரு கிழவி கூறும் கதையே அங்கே ஆவணம். 'அடிமைகள்' தலைமுறை தலைமுறையாகத் தொடரும் கதையாக அமைந்தது தற்செயலன்று; எழுதப்படாத வம்சாவளியை எழுதும் வேலை அது. 'கானல்' மதமாற்றத்தை எடுத்துக்கொள்கிறது. சாதிக் கொடுமையிலிருந்து தப்பக் கிறிஸ்தவத்துக்குச் சென்றோர் அங்கே கண்ட நீர் எத்தகையது என்பதை அப்பெயரே சொல்லும். கத்தோலிக்கக் கடற்கரையின் கலையைப் புகழ்ந்து பேசும் நாம் இந்த நாவலை மறைத்து வைத்தல் நேர்மையாகாது. ஆலயத் திருவிழாவிலே ஊர் ஒன்றாகிக் கூத்தாடிற்று என்று கூறும்போது, ஊர் என்பதற்குள் யார் யார் அடங்கினர், யார் யார் வெளியே நின்று பார்த்தனர் என்ற கேள்வியை டானியல் நம் கையிலே திணித்துவிடுகிறார்.

சொந்த மண்ணை விட்டுப் போய் மறுகரையிலே இறந்த டானியலுக்கு அங்கே தோழர்கள் இருந்தனர். அவரைத் தம்மவராக ஏற்று அடக்கம் செய்தனர். இரத்த உறவால் வராத குடும்பம் அது. அதனை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தோழர் இல்லாத நோயாளி என்ன செய்வான்? பெயர் பெற்ற எழுத்தாளனுக்கு மறுகரையிலும் கை நீள்கிறது, பெயரற்ற மத்தளக்காரனுக்கு?

இந்தக் கேள்வியைப் பிறரினும் ஆழமாகக் கேட்ட கலைஞர் ஒருவர் 1890 நவம்பரிலே இத்தீவுக்கு வந்திருந்தார். அவர்தாம் அந்தோன் செக்கோவ். நம் வாசகர் பலர் அவரைச் சிறுகதையின் ஆசானாக அறிவர். அவர் கொழும்பில் இறங்கிய செய்தியை அறிந்தோர் சிலரே. 1884-இலேயே அவர் இரத்தம் துப்பியவர். தாமே வைத்தியராதலால் அதன் பொருள் அவருக்குத் தெரியாதிருக்க முடியாது. 1889-இலே ஓவியரான அண்ணன் நிக்கொலாய் காசநோயால் மாண்டார். மறு ஆண்டு, உடம்பு இடங்கொடுக்குமோ என்று பாராமல், சைபீரியாவைக் கடந்து சக்காலின் தீவின் கைதிக் குடியிருப்புகளுக்குச் சென்றார். குடிசை குடிசையாக ஏறி இறங்கி ஏறத்தாழப் பத்தாயிரம் பேரின் விவரங்களை அட்டைகளிலே பதிந்தார். கப்பலில் ஹொங்கொங், சிங்கப்பூர் வழியாகத் திரும்புகையிலே, இறந்த இருவரைக் கடலில் இடுவதைக் கண்டார். கொழும்பிலும் கண்டியிலும் சில நாட்கள் தங்கினார். இத்தீவைச் சொர்க்கம் என்று வியந்தார். அந்தச் சொர்க்கத்தில் இருந்தபடி அவர் எழுதத் தொடங்கிய கதை எது தெரியுமா? 'குஸெவ்'. கப்பலின் நோயாளர் அறையிலே காசநோயால் சாகும் ஒரு சாதாரணச் சிப்பாயின் கதை.

அச்சிப்பாய் கலைஞனல்லன், அதிகாரி ஒருவருக்கு ஏவலாளாக இருந்தவன். காய்ச்சலின் மயக்கத்திலே அவனுக்குத் தோன்றுவன பெரிய தத்துவங்கள் அல்ல. சொந்த ஊரின் உறைபனி, அண்ணன், சறுக்குவண்டியிலே வரும் அண்ணன் பிள்ளைகள், இவ்வளவே. அவனுக்கருகே இன்னொரு நோயாளி ஓயாது குமுறிக்கொண்டிருக்கிறான். நடக்கவே இயலாத நோயாளரை வைத்தியர்கள் கப்பலில் ஏற்றிவிட்டது அவர்களை வீடு சேர்ப்பதற்காக அல்ல, தங்கள் கையிலிருந்து தொலைப்பதற்காக என்று அவன் குற்றஞ்சாட்டுகிறான். அவனும் சாகிறான், குஸெவும் சாகிறான். பாய்மரத்துணியிலே வைத்துத் தைக்கப்பட்ட உடல் சமுத்திரத்திலே இறங்குகிறது.

இங்கே செக்கோவ் செய்ததைக் கவனிக்கவேண்டும். தம் மார்பிலே இருந்த நோயைத் தம்மைப் போன்ற ஓர் எழுத்தாளனுக்குக் கொடுத்து அவனைக் காவிய நாயகனாக்க அவரால் முடியும். அவர் அவ்வாறு செய்யவில்லை. அந்நோயை எடுத்து ஓர் ஏவலாளுக்குக் கொடுத்தார். தம் குடும்ப நினைவின் வலியையும் அவனுக்கே கொடுத்தார். கலைஞனின் நோய், பக்கத்துப் படுக்கையிலே கிடப்பவனின் நோயைவிடப் புனிதமானது என்ற எண்ணம் அவரிடம் அறவே இல்லை. பின்னர் 1892-இலே வாந்திபேதி அச்சம் வந்தபோது, ஊதியம் பெறாமல் இருபத்தைந்து ஊர்களுக்கு வைத்தியராக நின்றதும், தம் சுற்றுவட்டாரத்திலே பள்ளிக்கூடங்கள் கட்டுவித்ததும் இதே மனத்தின் செயல்களே. நோயால் அவர் பெரியவரானார் என்று எவரேனும் கூறுவரேல், அவர் நோயாளராக மட்டுமே வாழ மறுத்தவர் என்று நாம் விடையிறுப்போம். 1904-இலே ஜெர்மனியில் இறந்த அவருடைய உடலைச் சிப்பி ஏற்றும் வண்டி என்று எழுதப்பட்ட புகையிரதப் பெட்டியிலே மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தனர். கார்க்கி கொதித்துப் போனார். அவர் கொதித்தது நியாயமே. எனினும் முத்துச் சிலாபத்துக்குப் பேர்போன மன்னார்க் கரையிலே இருந்துகொண்டு இதனைப் படிக்கும் நமக்கு வேறொன்று தோன்றுகிறது. சிப்பி குளித்து நுரையீரல் கெட்டுச் செத்தவர் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுக்காகக் கொதித்து எழுத எவரும் இருந்ததில்லை.

இனி, நம்மவரிடையே நடைபெறும் வாதத்துக்கு வருவோம். நலிந்த கலைஞருக்கு நிதி வேண்டும், விருது வேண்டும், தனிச் சலுகை வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். இலங்கை அரசு முதிர்ந்த கலைஞருக்குக் 'கலாபூஷணம்' வழங்குகிறது. பெற்றவர்களுக்கு அது மகிழ்ச்சி, நாமும் மகிழ்கிறோம். மற்றொரு சாரார், கலைஞனுக்கென்று தனி உரிமை ஏன்? எல்லார்க்கும் நல்ல வைத்தியசாலை கிடைத்தால் கலைஞனுக்கும் கிடைக்குமன்றோ என்கின்றனர். நாம் பின்னவர் பக்கமே சாய்கிறோம். பள்ளிமுனையிலே கலைஞன் என்றும் மீனவன் என்றும் இரண்டு பேர் இல்லை. எம்பரதோருக்கு ஒரு படுக்கையும் வலை இழுப்பவனுக்கு ஒரு படுக்கையும் போட முடியாது. இருவரும் ஒரே உடம்பு. அவனுக்கு மருத்துவம் கிடைக்கவேண்டியது அவன் பாடுவதால் அன்று, அவன் மனிதனாதலால்.

ஆயினும் அவ்வளவோடு நிறுத்திவிடவும் நமக்கு மனம் வரவில்லை. ஒரு மீனவன் படுத்துவிட்டால் அவன் குடும்பம் துடிக்கிறது. ஓர் அண்ணாவியார் படுத்துவிட்டால் குடும்பம் துடிப்பதோடு, ஊர் அறியாமலே ஊரின் பொதுச்சொத்தொன்றும் அவரோடு சேர்ந்து படுத்துவிடுகிறது. அச்சிட்ட நாடக நூலிலே சொல் இருக்கிறது, இராகப் பெயர் இருக்கிறது. எந்த அடியிலே மத்தளம் விலகி நிற்கவேண்டும், எந்த விருத்தத்திலே குரல் எவ்வளவு இறங்கி எழவேண்டும் என்பது நூலில் இல்லை. நோயாளியின் தொண்டையில் இருக்கிறது. ஆகவே கலைஞனுக்கு நாம் பட்ட கடன் இருவகையானது. மனிதன் என்ற வகையிலே மருந்து. கலைஞன் என்ற வகையிலே, அவன் கொடுக்க விரும்புவதை அவன் உயிரோடிருக்கும்போதே வாங்கிக்கொள்ள ஓர் ஆள். இரண்டாவதைப் பற்றி நம் இரங்கற் கூட்டங்கள் வாய் திறப்பதில்லை. திறந்தால் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஏன் போகவில்லை என்று தம்மைக் கேட்டுக்கொள்ள நேரும்.

யாழ்ப்பாணத்துக் குருநகரிலே பிறந்த ஓவியர் அ. மாற்குவை இவ்விடத்தில் எண்ணுகிறோம். அவரும் கடலோரக் கத்தோலிக்க ஊரின் பிள்ளை. பல்லாண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து, வகுப்பறைக்கு வெளியேயும் இளைஞர்களுக்குக் கற்பித்தார். அவருடைய கலையைப் பற்றித் 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் 1987-இலேயே, அவர் வாழும்போதே வெளிவந்தது. அவர் 2000-ஆம் ஆண்டு மறைந்தார். 1995 ஒக்டோபர் இறுதியிலே யாழ்ப்பாணம் ஊரோடு பெயர்ந்தபோது மக்கள் எடுத்துச் சென்றவை சோற்றுப் பானையும் பிள்ளைகளும். சுவரில் மாட்டிய ஓவியத்தை எவர் சுமப்பார்? பாட்டைத் தொண்டையிலே கொண்டு போகலாம். நாவல் ஒரு பிரதி எரிந்தாலும் இன்னொரு பிரதி எங்கேனும் இருக்கும். ஓவியம் ஒன்றே ஒன்று. அத்தகைய இடப்பெயர்விலே ஓவிய ஆசிரியன் ஒருவனின் படைப்பு முழுவதும் அழிந்தாலும் அழியாதிருக்கக்கூடியது அவனுடைய மாணவரின் கை மட்டுமே.

இவ்விதழைப் படிப்போரிற் பலர் ஆசிரியர், பலர் மாணவர். மன்னார் மாவட்டத்துப் பாடசாலைகளிலே தமிழ்த்தினப் போட்டிக்குக் கூத்து பழக்குவோரும் உங்களிடையே இருத்தல் கூடும். பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கும்படி கூத்தை நறுக்கி, பரிசு பெற்று, அதனோடு விட்டுவிடுவது நம் வழக்கமாயிருக்கிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கற்றுத்தந்த முதியவரின் வீடு உங்களுக்குத் தெரியும். விடுமுறை நாளொன்றிலே நான்கு மாணவரோடு, குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துக்கொண்டு அங்கே செல்லலாம். அவர் களைத்திருப்பார், ஒருநாளில் இரண்டு விருத்தத்துக்கு மேற் பாட இயலாது, நடுவிலே இருமுவார். இருமல் நிற்கும்வரை பேசாதிருங்கள். அவர் மனைவியிடமும் கேளுங்கள். மறந்துபோன அடியை அவரே எடுத்துக் கொடுக்கக்கூடும். கொடுத்தால் அவர் பெயரையும் ஏட்டிலே எழுதுங்கள். அடுத்த மாதம் அவர்கள் இருவரும் கொழும்பு வைத்தியசாலைக்குப் போகவேண்டியிருந்தால், பேருந்துச் செலவு எவ்வளவு, அதனை யார் யார் கொடுப்பது என்பதையும் அந்தக் குறிப்பேட்டின் முதற் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளலாம்.